ஊர்ப் பள்ளியை இணையத்தில் தேடுவோருக்கு

தாம் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று விரும்பும் வெளிநாட்டு நண்பர்கள் அங்கே என்ன தேவை என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். பணம் திரட்டுவதற்கு முன் அரசாங்கத்தின் கணக்கை ஒருமுறை பாருங்கள் என்பதுதான் என் பதில்.

அந்தக் கணக்கின் இன்றைய பெயர் யூடைஸ் பிளஸ். 1990களின் நடுவில் தொடக்கக் கல்விக்காக 'டைஸ்' என்று தொடங்கிய பதிவேடு, 2012-13இல் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு யூடைஸ் ஆயிற்று. 2018-19 முதல் யூடைஸ் பிளஸ். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் எண் 33 என்று தொடங்கும். எண் தெரியாதவர்கள் 'நோ யுவர் ஸ்கூல்' என்ற பக்கத்தில் தேடலாம். பெயரைக்கொண்டு தேடுவதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அங்கே வெறும் 'பி.யு.பி.எஸ்.' ஆகிவிடும், ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலோ எழுதியவரின் விருப்பம். மாவட்டம், ஒன்றியம் என்று படிப்படியாக இறங்குவதே நல்லது.

கிடைக்கும் அட்டையில் வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர்கள், பயிற்றுமொழி, வகுப்பறைகள், குடிநீர் எல்லாம் இருக்கும். கழிப்பறைக்கு மட்டும் இரண்டு எண்கள்: மொத்தம் எத்தனை, அதில் பயன்பாட்டில் உள்ளவை எத்தனை. கட்டிடம் கட்டித்தர ஆசைப்படும் சங்கங்கள் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும் என்பேன். இந்த விவரங்களைத் தருவது பள்ளியே என்பதையும் மறந்துவிடக்கூடாது.

பலர் தடுமாறுகிற இடம் ஆசிரியர்-மாணவர் விகிதம். 18 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்று அட்டை சொன்னால், ஒன்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர்! இங்கே நம் பிள்ளைகளுக்குக்கூட இந்த வசதி இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்த இருவரும் ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகளை நடத்துகிறார்கள். ஒருவர் கூட்டத்துக்குப் போன நாளில் மற்றவருக்கு ஐந்து வகுப்பும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களையே கேட்கிறது. ஆகவே சட்டப்படி குறையில்லை, விகிதமும் அழகாக இருக்கிறது. மாநிலச் சராசரியில் இத்தகைய பள்ளிகளும் நெரிசலான நகரப் பள்ளிகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இதனால்தான் நான் சராசரியை விட்டுவிட்டு முதலில் பள்ளியின் அட்டைக்குப் போகிறேன்.

ஆண்டுகளை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 2021-22 வரை 26 கோடிக்கு மேல் இருந்த இந்திய மாணவர் எண்ணிக்கை 2022-23இல் 25.17 கோடி, 2023-24இல் 24.80 கோடி என்று இறங்கியது. ஒரு கோடிப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள் என்று உடனே எழுதிவிடலாம். ஆனால் 2022-23 முதல் பள்ளி தரும் மொத்தத் தொகைக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதிகிறார்கள். அதனால் இரண்டு பள்ளிகளில் பெயர் இருந்த பிள்ளை ஒரே பிள்ளையாகிவிடுகிறது. பிறப்பு விகிதமும் குறைந்து வருகிறது. இறக்கத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கணக்குமுறை என்பதை இந்த அட்டவணையை மட்டும் வைத்துப் பிரிக்க இயலாது.

மாவட்டக் கணக்கிலும் இதே சிக்கல். 2019இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. பழைய ஆண்டின் திருநெல்வேலியைப் புதிய ஆண்டின் திருநெல்வேலியோடு வைத்தால் பாதிப் பிள்ளைகளைக் காணோம் என்று பதறுவோம். இரண்டையும் கூட்டிக்கொண்டு பாருங்கள்.

பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்பது மட்டும் இந்த அட்டையில் இருக்காது. அதற்கு, கிராமத்து வீடுகளுக்கே போய் வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் 'ஏசர்' அறிக்கை 2005 முதல் வருகிறது. அது அரசாங்கத்தினுடையது அல்ல, 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனத்தினுடையது. மாதிரிக் கணக்கெடுப்பு என்பதால் உங்கள் ஊர்ப் பெயர் அதில் இராது. அதைத் தலைமையாசிரியரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது பள்ளியின் அட்டை கையில் இருந்தால் பேச்சு எளிதாகத் தொடங்கும்.