நான்காம் அடுக்கு விதி எதற்கு உரியது?

கெல்வின் அளவில் வெப்பநிலை இரு மடங்கானால் பொருள் வெளியிடும் வெப்பக் கதிர்வீச்சு பதினாறு மடங்காகும் என்று மாணவர்களுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். எந்தப் பொருள் என்ற கேள்வியை வகுப்பில் அரிதாகவே எழுப்புகிறோம். அந்தக் கேள்வி இல்லாமல் விதியே இல்லை என்பதுதான் என் வாதம். விதி பிறந்த வரலாறே இதற்குச் சான்று.

1879இல் வியன்னாவில் யோசெஃப் ஸ்டெஃபான் இவ்விதியை முன்வைத்தபோது டூலாங், பெட்டி ஆகியோரின் பழைய குளிர்வு அளவீடுகளை மறுகணக்கிட்டார். ஜான் டிண்டாலின் ஆய்வையும் துணைக்கொண்டார். மின்னோட்டத்தால் சூடேறிய பிளாட்டினக் கம்பி மங்கிய சிவப்பிலிருந்து முழு வெண்மைக்கு வந்தபோது டிண்டாலின் கருவி காட்டிய அளவு 10.4இலிருந்து 122ஆக, அதாவது 11.7 மடங்காக உயர்ந்திருந்தது. அந்த நிறங்களுக்குரிய வெப்பநிலைகள் 525, 1200 டிகிரி செல்சியஸ் எனக் கொள்ளப்பட்டன. கெல்வினில் 798, 1473. இவற்றின் விகிதத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 11.6 வருகிறது.

இந்தப் பொருத்தம் பெரிதும் தற்செயலானது. நிறத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்ட வெப்பநிலைகள் நம்பத்தக்கவையல்ல. அதைவிட முக்கியமானது, பிளாட்டினம் கரும்பொருளன்று, அதாவது தன்மீது விழும் கதிர்வீச்சு முழுவதையும் உட்கவரும் பொருளன்று. சூடேற ஏற அதன் வெளியிடுதிறனும், அதாவது அதே வெப்பநிலையிலுள்ள கரும்பொருளோடு ஒப்பிட அது வெளியிடும் பங்கும், கூடுகிறது. மெருகேற்றிய பிளாட்டினத்தின் கதிர்வீச்சு ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் வளர்கிறது. அந்த வெப்பநிலைகள் சரியாக இருந்திருந்தால் டிண்டாலுக்குக் கிடைத்திருக்க வேண்டியது 21 மடங்கு.

அப்படியானால் ஸ்டெஃபான் தவறினாரா? இல்லை. 1884இல் லுட்விக் போல்ட்ஸ்மன் வெப்ப இயக்கவியலையும் மாக்ஸ்வெல்லின் கதிர்வீச்சு அழுத்தத்தையும் இணைத்து இதே விதியைத் தருவித்தார். அந்தத் தருவிப்பில் கம்பியும் இல்லை, உலோகமும் இல்லை. மூடிய வெளியில் சுவர்களோடு சமநிலையில் நிற்கும் கதிர்வீச்சு மட்டுமே உண்டு. 1897இல் லும்மரும் பிரிங்ஸ்ஹைமும் சூடேற்றிய உட்குழியின் சிறு துளைவழி வந்த கதிர்வீச்சை அளந்து விதியை உறுதிசெய்தார்கள். ஆகவே நான்காம் அடுக்கு, கரும்பொருளாக நடந்துகொள்ளும் உட்குழிக்கு உரிய உண்மை. மற்றப் பொருள்களுக்கு அது வெளியிடுதிறன் என்னும் பெருக்கல் காரணியோடுதான் பொருந்தும். அந்தக் காரணியும் வெப்பநிலையோடு மாறக்கூடியது.

சூரியன் கரும்பொருளுக்கு நெருங்கி நடந்துகொள்வதால் அங்கே விதி அருமையாகப் பலித்தது. முந்தைய மதிப்பீடுகள் சுமார் 1,500 டிகிரி முதல் ஒரு கோடி டிகிரி வரை சிதறிக் கிடந்த காலத்தில், ஸ்டெஃபான் சுமார் 5,430 டிகிரி செல்சியஸ் என்றார். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 5,500.

அடுப்பில் கொதிக்கும் தண்ணீரோடு இருக்கும் பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். நூறு டிகிரிக்கு வெகு கீழே காட்டும். அதே பாத்திரத்தின் பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அளந்தால் நூறை நெருங்கும். வெப்பநிலை ஒன்றே, மாறியது பரப்பு. இயற்பியல் ஆசிரியர்கள் சூத்திரத்தைப் பலகையில் எழுதுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து காட்ட வேண்டும்.