சாம்பல் நிறப் புள்ளி

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு விசித்திரமான பலவீனம் உண்டு. பத்திரிகை கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது கதையை அல்ல. மேலே தங்கள் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்பதைத்தான். சன்மானம் ஆறு மாதம் தாமதமானாலும் பொறுப்பார்கள். பெயர் விடுபட்டால் பொறுக்கமாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, அட்டாரி கம்பெனியின் சரித்திரத்தைப் படிக்கும்போது அதன் லாப நஷ்டக் கணக்குகளைவிட, அங்கே சம்பளத்துக்கு உழைத்த ஒருவர் செய்த காரியமே என் மனத்தில் நின்றது.

1972-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இருவர் தொடங்கிய கம்பெனி அது. வீடியோ விளையாட்டை ஒரு வியாபாரமாக்கிக் காட்டிய ஸ்தாபனம். 1976-ல் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் அதை விலைக்கு வாங்கியது. மறு வருஷம், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் யந்திரம் ஒன்று வெளிவந்தது.

இன்று பெரிய விளையாட்டு ஒன்றை உருவாக்க நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டும். அன்று ஒரே ஆள்தான். கற்பனை அவருடையது, படம் அவருடையது, சத்தமும் அவருடையதே. அத்தனையையும் யந்திரத்துக்குப் புரியும்படி எழுதுவதும் அவரே. யந்திரத்தின் வேலை நினைவோ 128 பைட். ஆங்கில எழுத்தாகக் கணக்கிட்டால் தபால் கார்டில் நாலைந்து வரி! தொலைக்காட்சித் திரையில் படம் வரிவரியாக, விநாடிக்கு 60 தரம் விழுகிறது. முழுப் படத்தையும் சேமித்து வைக்க இடமில்லாததால், ஒரு வரி விழுந்து முடிவதற்குள் அடுத்த வரிக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். பந்தியில் உட்கார்ந்தவர் ஒரு கவளம் விழுங்குவதற்குள் அடுத்ததைப் பரிமாறுகிற மாதிரி. ஒரு கணம் பிந்தினால் திரை குலைந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டவரின் பெயர் பெட்டியிலும் கிடையாது, உள்ளே வைத்த புத்தகத்திலும் கிடையாது. பெயர் தெரிந்தால் போட்டிக்காரர்கள் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்களாம்! 1978-ல் தலைமைக்கு வந்த ரே கஸார் ஜவுளித் தொழிலில் இருந்தவர். டேவிட் கிரேன் முதலிய நால்வர் அவரிடம் போய்ப் பெயரும் பங்கும் கேட்டார்கள். தொழிற்சாலையில் பெட்டியைப் பூட்டுகிறவனைவிட நீங்கள் ஒன்றும் உயர்த்தியில்லை என்ற பொருளில் பதில் வந்ததாகக் கிரேன் பின்னால் சொல்லியிருக்கிறார். பெட்டியைப் பூட்டுகிறவருக்கும் அது அவமதிப்புத்தான். நால்வரும் 1979-ல் வெளியேறி, ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அங்கே விளையாட்டைச் செய்தவரின் பெயரோடு புகைப்படமும் அச்சாயிற்று. அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982-ல் சமரசம் ஆயிற்று.

வாரன் ராபினெட் வேறு வழியில் போனார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டைத் தனியாக எழுதிக்கொண்டிருந்தார்; கோட்டைகள், டிராகன்கள், தேடிக் கண்டுபிடிக்க ஒரு மந்திரக் கிண்ணம். அவருக்கு வருஷத்துக்கு 22,000 டாலர் சம்பளம். அந்த விளையாட்டோ பின்னால் சுமார் 10 லட்சம் பிரதிகள் விற்றது. கறுப்புக் கோட்டையின் சிக்கலான பாதைகளுக்குள், அடைபட்ட ஓர் அறையில், பின்னணியோடு கலந்துபோகும் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு புள்ளியை அவர் ஒளித்து வைத்தார். அதை எடுத்துக்கொண்டு போய் வேறோர் இடத்தில் சுவரைக் கடந்தால் ரகசிய அறை. அதன் நட்டநடுவில், மேலிருந்து கீழாக, நிறம் மாறி மாறி மின்னும் எழுத்துக்கள்: "வாரன் ராபினெட் படைத்தது".

சக ஊழியர்களிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. 1979-ல் வேலையை விட்டுப் போய்விட்டார். மறு வருஷம் யூட்டா மாகாணத்துப் பையன் ஒருவன் அறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். புது அச்சு எடுத்து அதை நீக்குவதென்றால் வீண் செலவு. அதிகாரி ஒருவர் சாமர்த்தியசாலி; "இருந்துவிட்டுப் போகட்டும். ஈஸ்டர் பண்டிகையில் குழந்தைகள் ஒளித்த முட்டையைத் தேடுவதில்லையா?" என்கிற மாதிரி யோசனை சொன்னார். 'ஈஸ்டர் முட்டை' என்ற பெயரே அந்தத் தொழிலில் நிலைத்துவிட்டது.

இப்போதெல்லாம் விளையாட்டு முடிந்ததும் சினிமாவைப் போலப் பெயர்கள் நீளமாக ஓடுகின்றன. வெளியாவதற்குச் சில மாதம் முன்பு வேலையை விட்டுப் போனவர்கள் அந்த வரிசையில் தங்கள் பெயரைத் தேடிப் பார்த்து, காணாமல் மனம் நொந்துகொள்வது மட்டும் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.