பனிநிலத்து ஆசான்கள்

கற்பிப்போர் அனைவரும் ஆசிரியர் எனப் பெயர் பெறுவதில்லை. ஏடும் எழுத்தும் இன்றி, பள்ளிக் கட்டடமும் இன்றி, உயிர் காக்கும் கல்வியைப் பிறர்க்கு ஈந்தோர் வரலாற்றில் உளர். கனடாவின் வடகோடியில் வாழும் இனுவிட் மக்களுள் ஒரு பிரிவினரான நெட்சிலிக் இனத்தார் அத்தகையோர்.

1845ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் சர் ஜான் பிராங்ளின், அட்லாண்டிக் கடலையும் பசிபிக் கடலையும் இணைக்கும் வடமேற்கு வழியைத் தேடி இரு கப்பல்களுடன் சென்றார். கிங் வில்லியம் தீவின் அருகே அவை பனியில் சிறைப்பட்டன. பனிக்கடலுள் புகுந்த 129 பேருள் ஒருவரும் மீளவில்லை. அதே நிலப்பகுதியில்தான் நெட்சிலிக் மக்கள் மனைவி மக்களோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர்.

1903ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ரோல்ட் அமுண்ட்சென் ஆறு தோழர்களுடன் 'யோவா' என்னும் சிறு கப்பலில் அத்தீவை அடைந்தார். இரு குளிர்காலம் அங்கே தங்கிய அவர், நெட்சிலிக் மக்களிடம் மாணவரானார். டெராயு என்னும் முதியவர் பனிவீடு கட்டும் கலையைப் பயிற்றுவித்தார். கோலால் குத்திப் பார்த்து ஏற்ற பனியைத் தேர்தல் முதற்பாடம். கத்தியால் அதனைப் பாளங்களாக அறுத்து, உட்சாய்வாகச் சுற்றியடுக்கிக் கூரையை மூடுதல் அடுத்த பாடம். மான்தோல் ஆடையின் நுட்பத்தையும் அவர் அறிந்தார். உள்ளாடையின் உரோமம் உடலை நோக்கும். மேலாடையின் உரோமம் வெளியே நோக்கும். தளர்ந்த அவ்வாடையினுள் காற்று உலவுவதால் வியர்வை தங்கி உறைவதில்லை. அதனைத் தைத்தளித்தோர் அவ்வினப் பெண்களே.

1911 டிசம்பர் 14ஆம் நாள் அமுண்ட்சென் குழுவினர் ஐவர் தென்துருவத்தை முதன்முதலாக அடைந்து, ஐவரும் நலமே திரும்பினர். அடுத்த மாதம் அங்குச் சென்ற ஸ்காட் குழுவினர் ஐவரும் திரும்பும் வழியில் மாண்டனர். வெற்றிக்கும் வீழ்ச்சிக்கும் காரணங்கள் பல. எனினும், வடபனியில் கற்ற ஆடையமைப்பும் நாய்வண்டிப் பயிற்சியும் அமுண்ட்செனுக்குப் பெருந்துணையாயின என்பதில் ஐயமில்லை.

1947இல் தோற்றுவிக்கப்பெற்ற கனடிய ரேஞ்சர் படையில் இன்று இனுவிட் மக்கள் பலர் பணிபுரிகின்றனர். தெற்கிலிருந்து வரும் படைவீரர்க்குப் பனிவீடு கட்டவும், வேட்டையாடவும், உறைபனியின் வலிமையறிந்து நடக்கவும் அவர்களே பயிற்சி அளிக்கின்றனர்.

அமுண்ட்செனின் பெயரை உலகம் அறியும். டெராயுவின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. மாணவனின் வெற்றியில் மறைந்து நிற்பது ஆசிரியர்க்குப் புதிதன்று. ஆயினும், அப்பெயரையும் சேர்த்துச் சொல்லும்போதே வரலாற்றுப் பாடம் நிறைவு பெறும்.