மணிக்குள் மாட்டிக்கொண்ட நொதி

புனேயில் சாஸ், சூப் தயாரிக்கும் ஆலையில் எனக்கு வேலை. ஆறினாலும் கட்டிதட்டாத மாவுச்சத்து எங்களுக்குத் தினசரித் தேவை. அதில் ஒரு வகையின் பூர்வீகத்தைத் தேடினால் 1908-இல் ஷாங்காயில் போய் நிற்கிறது.

அந்த வருஷம் ஃபார்னம் என்ற அமெரிக்க மிஷனரி அங்கிருந்து கொஞ்சம் மக்காச்சோள விதையைத் தன் நாட்டு விவசாயத் துறைக்கு அனுப்பினார். மற்றதைவிடப் பசையாக இருக்கிறது, கஞ்சிக்கு ஆகலாம் என்று கூடவே ஒரு குறிப்பு. காலின்ஸ் என்பவர் விதைத்துப் பார்த்து 1909-இல் எழுதினார். விதையை வெட்டினால் உள்ளே மெழுகு மாதிரி இருந்ததால் 'வாக்ஸி' என்று பெயர். மெழுகு ஒரு துளிகூடக் கிடையாது, தோற்றம்தான். 1922-இல் வெதர்வாக்ஸ் அதில் அயோடின் விட்டுப் பார்த்தார். நீலம் வரவேண்டிய இடத்தில் செம்பழுப்பு வந்தது.

விஷயம் இதுதாங்க. சாதாரண மக்காச்சோள மாவுச்சத்தில் கால் பங்கு அமைலோஸ், கிட்டத்தட்ட கிளையே இல்லாத நீளச் சங்கிலி. முக்கால் பங்கு அமைலோபெக்டின், கிளை கிளையாகப் பிரிவது. அயோடினோடு சேர்ந்து நீலம் காட்டுவது அமைலோஸ். ஆறியதும் கூழை இறுக்குவதும் அதுவே. வாக்ஸியில் அது அநேகமாக இல்லை.

இருந்தும் முப்பது வருஷம் அது ஆராய்ச்சித் தோட்டத்து வேடிக்கைப் பொருளாகவே கிடந்தது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு மரவள்ளி மாவு வருவது நின்றுபோனது. அதே மாதிரி கொழகொழப்பு வேண்டுமே! அயோவாவில் வாக்ஸி சோளம் வயலுக்கு இறங்கியது. அதே போரில் மலேயா, சிங்கப்பூர் சரக்கு நின்றதால்தான் 1943 வாக்கில் நம்ம சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் புனேக்காரர்கள் விரதத்துக்குச் சாபுதானா கிச்சடி கிண்டுகிறார்களே, அந்தச் சங்கதிதான்.

காரணம் தெரிந்தது அதற்கும் இருபது வருஷம் கழித்து. மாவுச்சத்து செடிக்குள் நுண்ணிய மணிமணியாகச் சேர்கிறது. அந்த மணியோடு ஒட்டிய ஒரு நொதி சங்கிலியை நீட்டுகிறது என்று 1961-இல் லெலுவார் குழு காட்டியது. அடுத்த வருஷமே நெல்சனும் ரைன்ஸும் வாக்ஸியில் அந்த நொதியின் வேலை நின்றுபோயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. நொதி போயும் மணி ஜம்மென்று உருவாகிறது! அப்படியானால் மணியைக் கட்டுவது அமைலோஸ் இல்லை, அமைலோபெக்டின்தான். கண்டபடி முளைத்த கிளைகளை ஐசோஅமைலேஸ் என்ற நொதி கத்தரித்துவிட்டால்தான் சங்கிலிகள் நெருங்கி அடுக்கமுடியும் என்ற கருத்து 1996-இல் வந்தது. பழைய ரக ஸ்வீட் கார்னில் இந்த நொதியில்தான் பழுது. அதனால் பெரும்பகுதி மணியாகாமல் தண்ணீரில் கரையும் பொருளாக நின்றுவிடுகிறது. கடித்தால் பால் மாதிரி வழிவது அதுதான்.