கல்லும் வெள்ளமும்

தங்கவயல் மூச்சு: அத்தியாயம் 17

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைத்தவர்களைச் சென்ற வாரம் எக்ஸ்ரே அறை வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்தோம். 1940 முதல் 1946 வரை கோலார் தங்கவயலில் நடந்த அந்த ஆய்வில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிகோசிஸ்!

தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் இருந்தது. அதைத் துளைக்கும்போது எழும் மிக நுண்ணிய தூசி நுரையீரலின் ஆழம்வரை போய்த் தங்கிவிடும். உடம்பு அதைக் கரைக்கப் பார்த்துத் தோற்று, சுற்றிலும் தழும்பு கட்டும். எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். வேலையை விட்டாலும் நோய் விடாது. மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் திண்ணையில் இருமிக்கொண்டிருந்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தழும்பை ஆற்றும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அப்படியானால் நுரையீரலையே மாற்றினால்?

1963 ஜூன் 11. அமெரிக்காவின் ஜாக்சன் நகரில் ஜேம்ஸ் ஹார்டி என்ற மருத்துவர் முதன்முதலாக மனிதருக்கு நுரையீரல் மாற்றினார். நோயாளி, கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒரு கைதி. 18 நாள் உயிரோடு இருந்தார். சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்.

நம் கதைக்கு நெருங்கியது அடுத்தது. 1968 நவம்பரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஃப்ரிட்ஸ் டெரோம் ஓர் இளைஞனுக்கு நுரையீரல் மாற்றினார். வயது 23. நோய்? சிலிகோசிஸ்! இரும்பின் மேல் மணலைப் பீய்ச்சித் தேய்க்கும் வேலை பார்த்தவன். தங்கவயல்காரர் நெஞ்சில் இருந்த அதே கல், ஐரோப்பாவில். பத்து மாதம் வாழ்ந்தான். அந்தக் காலத்தில் வேறு யாரும் அவ்வளவு தாங்கவில்லை.

மற்றவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில், சில வாரங்களில் போய்விட்டார்கள். அந்நிய உறுப்பை உடம்பு ஒதுக்கித் தள்ளுகிறது என்பார்கள். இல்லாவிட்டால் மூச்சுக்குழாயைத் தைத்த இடம் பிரிந்துவிட்டது என்பார்கள். ஆனால் சிலரிடம் வேறொன்று நடந்தது. புது நுரையீரல் முதல் இரண்டு மூன்று நாளிலேயே எக்ஸ்ரேயில் வெள்ளையாகிவிடும். இந்த முறை கல் அல்ல, நீர்.

ஒதுக்கல்தானே காரணம்? அங்கேதான் திருப்பம். நியூயார்க்கில் சீகல்மன், வீத் குழுவினர் நாய்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். நாயின் நுரையீரலை வெட்டி, அதே நாய்க்கே திரும்பத் தைத்தார்கள். அந்நியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியும் நீர் கோத்தது! 1973-இல் இதை வெளியிட்டார்கள்.

ஆக, எதிரி வெளியே இல்லை. அறுவையின் உள்ளேயே இருந்தான். ரத்தமின்றி, குளிரில் காத்திருக்கும் நுரையீரலில் நுண்குழாய்களின் உட்சுவர் நொய்ந்துபோகிறது. மறுபடி ரத்தம் பாயும்போது ஆக்சிஜனோடு சேதமும் வருகிறது. வெள்ளணுக்கள் திரண்டு வந்து சுவரை மேலும் அரிக்கின்றன. கசியும் நீர் காற்றறைகளை நிரப்புகிறது. உயிர் கொடுக்க வரும் ரத்தமே கசிவைத் திறந்துவிடுகிறது என்பதை நம்ப மருத்துவர்களுக்கே நேரம் பிடித்திருக்கும்.

இன்று சென்னையில் நுரையீரல் மாற்றுகிறவர்களும் முதல் 72 மணி நேரத்தைத்தான் எண்ணுகிறார்கள். ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, உள்ளே போகும் காற்றின் ஆக்சிஜன் பங்கால் வகுப்பார்கள். எக்ஸ்ரேயும் வெளுத்து, விடை 200-க்குக் கீழே போனால் நிலைமை கடுமை. உடம்புக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ எந்திரம் வரை போக வேண்டியிருக்கும்.

1983-இல் இந்தக் கணக்கெல்லாம் வகுக்கப்படவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 7, டொரன்டோ பொது மருத்துவமனை. மேசையில் டாம் ஹால், வயது 58, நுரையீரல் முழுக்கத் தழும்பு. அவருக்கு முன்னே நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் முயன்று, ஒருவரும் நெடுநாள் நிலைக்கவில்லை. இது அவருக்கும் தெரியும். அறுவை மருத்துவர் ஜோயல் கூப்பர் இரண்டு எதிரிகளுக்கு விடை வைத்திருந்தார். ஒதுக்கலுக்கு சைக்ளோஸ்போரின், பிரியும் தையலுக்கு, வயிற்றுக்குள்ளிருந்து இழுத்துச் சுற்றிய கொழுப்புத் திரை.

மூன்றாவது எதிரிக்கு?

கவ்விகளை எடுத்தார்கள். ரத்தம் உள்ளே பாய்ந்தது.

(அடுத்த வாரம்)