வெள்ளானூர்ப் புட்டி

வெள்ளானூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். பிராயம் எண்பது. ஒரு சொட்டு மதுகூட அவர் நாக்கில் பட்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய், கதவைச் சாத்தி, டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து பழைய வேட்டியில் சுற்றிய ஒரு விஸ்கிப் புட்டியை எடுத்து வைத்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்!

"பயப்படாதீங்க, தம்பி. இது எங்கப்பா சொத்து. பேரன் பேப்பர்ல பார்த்தானாம், ஒரு பழைய புட்டி 22 கோடிக்குப் போச்சுன்னு. நீங்க நாலும் படிக்கிறவரு. இது எவ்வளவு பெறும்?" என்றார்.

பேரன் சொன்னது பொய்யல்ல. 2023 நவம்பரில் லண்டன் சோதபீஸ் ஏலத்தில் 1926-ஆம் வருஷத்து மக்காலன் புட்டி ஒன்று சுமார் 21 லட்சத்து 87 ஆயிரம் பவுனுக்கு விலை போயிற்று. நம் கணக்கில் 22 கோடி ரூபாய்க்கு மேல். 1926-இல் காய்ச்சிய விஸ்கியை அறுபது வருஷம் ஒரே மரப்பீப்பாயில் ஊறவிட்டு, 1986-இல் புட்டியில் அடைத்தார்கள். தேறியது வெறும் நாற்பது புட்டிதான். மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு வீதம் மரத்தின் வழியே ஆவியாகிப் போய்விடும். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். நம் ஊர் ரேஷன் கடையிலும் அப்படி ஒரு பங்கு உண்டு; தேவதைகள்தான் வேறு!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விஸ்கிக்கு வயது ஏறுவது பீப்பாய்க்குள்தான். புட்டியில் அடைத்த கணமே அதன் வயது நின்றுவிடும். பன்னிரண்டு வருஷத்துச் சரக்கைப் புட்டியில் வைத்து எண்பது வருஷம் பாதுகாத்தாலும் அது பன்னிரண்டு வருஷத்துச் சரக்கேதான். ஆக, பழைய புட்டிக்கு விலை கொடுக்கிறவன் சுவைக்குக் கொடுப்பதில்லை, கதைக்குக் கொடுக்கிறான்.

பெரியவருடைய புட்டிக்கும் கதை இருந்தது. இரண்டாவது மகாயுத்தத்தின்போது ஆவடியில் பட்டாளத்தின் கிடங்குகள் இருந்தன. அவருடைய தகப்பனார் அங்கே கணக்குப் பிள்ளை. 1946-இல் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதோடு இந்தப் புட்டியையும் கொடுத்துவிட்டுப் போனாராம். யுத்த காலத்தில் ஸ்காட்ச் விஸ்கி சீமையிலேயே கிடைக்காத பொருள். 1941-இல் 'பொலிடீஷியன்' என்ற கப்பல் எரிஸ்கே தீவருகே பாறையில் மோதியபோது, அதிலிருந்த இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட விஸ்கிப் புட்டிகளில் ஆயிரக்கணக்கானவற்றைத் தீவுவாசிகள் இரவோடு இரவாகக் கரை சேர்த்தார்கள். சிலர் அதற்காகச் சிறைக்கும் போனார்கள். காம்ப்டன் மெக்கன்சி 1947-இல் அதை வைத்து ஒரு ஹாஸ்ய நாவலே எழுதிவிட்டார்.

சீமையில் அப்படி. இங்கேயோ நிலைமை தலைகீழ். 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரி போட்டார். யுத்த காலத்தில் நின்றுபோன மதுவிலக்கு மறுபடி வந்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, மாகாணம் முழுவதும் பரவியது. பர்மிட் இல்லாமல் புட்டி வைத்திருப்பவன் குற்றவாளி.

கணக்குப் பிள்ளை நடுங்கிப் போனார். அவரோ கதர் கட்டுகிற ஆசாமி. "கொட்டவும் மனசில்லை, வச்சிருக்கவும் தைரியமில்லை. கடைசியில புட்டியை நெல்லுக் குதிருக்குள்ள புதைச்சுட்டு, காகிதத்தை அடுப்புல போட்டுட்டாராம். வெள்ளைக்காரன் கையெழுத்தே சாட்சியாயிடுமேன்னு!" என்றார் பெரியவர். 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மகாநாட்டுக்கு அவர் தொண்டராகப் போனபோதும் குதிரில் புட்டி பத்திரமாக இருந்ததாம்.

எனக்குப் பகீரென்றது. அந்தக் காகிதம்தான் ஐயா விலை! ஏலக்காரன் முதலில் கேட்பது புட்டியின் ஜாதகத்தைத்தான். 2017-இல் ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு ஹோட்டலில் சீன நாவலாசிரியர் ஒருவர், 1878-ஆம் வருஷத்து மக்காலன் என்று நம்பி, ஒரு கிளாஸுக்கு 9,999 பிராங்கு கொடுத்துக் குடித்தார். ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல்! பிறகு பரிசோதித்தால் அது 1970-72 வாக்கில் பிறந்த கலப்புச் சரக்கு. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கதிரியக்கக் கரியைப் பெருக்கின. அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்த வாற்கோதுமை அதைத் தன் உடம்பிலே பதித்து வைத்துக்கொண்டது. ஹோட்டல்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறு வருஷம் ஸ்காட்லாந்தில் 55 பழைய புட்டிகளை ஆராய்ந்ததில் 21 போலி என்று தெரிந்தது. கதை கட்டுவதில் நாங்கள் எழுத்தாளர்கள் மட்டும் சமர்த்தர்கள் அல்ல.

விலையே சொல்ல முடியாத புட்டிகளும் உண்டு. அந்தக் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு. ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1826-இல் சென்னையில் ஒரு வியாபார நிறுவனம் தொடங்கினார். 1951-இல் அது விட்டல் மல்லையா கைக்கு வந்து, பிற்பாடு யுனைடெட் ஸ்பிரிட்ஸ் ஆயிற்று. அந்தக் கம்பெனி 2007-இல் ஸ்காட்லாந்தின் வொயிட் அண்ட் மக்கே நிறுவனத்தை 59 கோடியே 50 லட்சம் பவுனுக்கு வாங்கியது. சென்னைக்குச் சரக்கு அனுப்பிய நாட்டின் சாராய ஆலைகளைச் சென்னையில் பிறந்த கம்பெனியே வாங்கிவிட்டது!

1907-இல் தென் துருவத்துக்குப் புறப்பட்ட ஷாக்கிள்டன் தம்மோடு மக்கின்லே விஸ்கி கொண்டு போயிருந்தார். துருவத்துக்கு நூறு மைல் இருக்கையில், தோழர்களின் உயிருக்காகத் திரும்பி வந்த உத்தமர் அவர். அவருடைய குடிசையின் அடியில் பனியில் உறைந்து கிடந்த பெட்டிகளை 2010-இல் வெட்டி எடுத்தார்கள். 2011-இல் மூன்று புட்டிகள் விஜய் மல்லையாவின் சொந்த விமானத்தில் ஸ்காட்லாந்து போயின. மருத்துவர் ரத்தம் எடுப்பதுபோல் ஊசியால் துளி எடுத்து ஆராய்ந்தார்கள். அந்த ருசியில் புது விஸ்கி கலந்து 50,000 புட்டி விற்பனைக்கு வந்தது. மூலப் புட்டிகளை மட்டும் யாரும் விற்கவில்லை. அவை மறுபடி பனிக்கண்டத்துக்கே போய்ச் சேர்ந்தன.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பெரியவரிடம் உண்மையையும் சொன்னேன். புட்டியின் லேபிளைப் பூச்சி அரித்துவிட்டது. சரக்கு கழுத்துக்கு வெகு கீழே இறங்கிவிட்டது. ஜாதகமோ அடுப்பில் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, 1937-ஆம் வருஷத்துச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974-இல் மறுபடி இறுக்கி, 1981-இல் திரும்பத் தளர்த்தி, 1983-இல் டாஸ்மாக் பிறந்து, 2003-இல் சில்லறைக் கடைகளெல்லாம் அதன் வசமாகி — இத்தனை கூத்துக்குப் பிறகும், லைசென்ஸ் இல்லாத குடிமகன் ஒரு புட்டி விற்றால் அது குற்றம்தான். சர்க்கார் தெருத் தெருவாக விற்கலாம்; வாத்தியார் ஒன்றே ஒன்று விற்கக்கூடாது!

அவர் முகம் சற்று வாடியது. பேத்தி இஞ்சினீயரிங் சேர்ந்திருக்கிறாள். பீஸ் கட்ட வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பேரன் சொன்ன 22 கோடியில் ஒரு துளி கிடைத்தாலும் போதுமே என்று எண்ணியிருக்கிறார்.

"அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்ததாம்?" என்று கேட்டேன்.

"'இவர் என்னிடம் ஒரு ஆணிகூடக் கணக்குத் தப்பாகக் காட்டியதில்லை'ன்னு இங்கிலீஷ்ல இருந்துதாம். அப்பா மனப்பாடமாச் சொல்லுவாரு. வேற யாரும் அவருக்கு சர்டிபிகேட் கொடுத்ததில்லை, தம்பி."

மறுபடியும் வேட்டியில் புட்டியைச் சுற்ற ஆரம்பித்தார். "அப்பவே விலை தெரிஞ்சிருந்தா, காகிதத்தை வச்சுக்கிட்டுப் புட்டியை இல்ல அடுப்புல போட்டிருக்கணும்!" என்று சொல்லிச் சிரித்தார்.

பீஸுக்குப் பாங்கியில் கடன் வாங்கியதாக அப்புறம் தெரிந்தது. புட்டி டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. அதிலிருந்து தேவதைகள் தங்கள் பங்கை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் எந்தச் சட்டமும் பாயாது.