மாந்தைத் துறையும் கராம்பு மொட்டும்



பல் பிடுங்கிய நோவுக்குக் கராம்பை நாடும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. அச்சிறு மொட்டு நம்மை வந்தடைந்த வரலாற்றையும், அதன் பயனுக்கு எல்லை யாது என்பதையும் சிறிது சிந்திப்போம்.

கராம்பு என்பது மலருமுன் பறித்து உலர்த்திய மொட்டு. இந்தோனேசியாவின் கிழக்கிலுள்ள மலுக்குத் தீவுகளே அதன் தாயகம். தெர்னாத்தே, திடோரே முதலிய சின்னஞ்சிறு தீவுகளிலேயே அம்மரம் நெடுங்காலம் வளர்ந்தது. ஆயினும் அதன் மணம் கடல்களைக் கடந்தது. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கொஸ்மஸ் என்னும் கிரேக்க வணிகர், கீழ்த்திசையிலிருந்து இலங்கைக்கு வரும் பண்டங்களைக் கூறுமிடத்து, பட்டு, அகில், சந்தனம் ஆகியவற்றோடு கராம்பையும் சேர்த்துரைத்தார். மன்னார்ப் பகுதியிலுள்ள மாந்தைத் துறைமுகத்தை அகழ்ந்த ஆய்வாளர்க்கு ஒரு கராம்பு மொட்டே கிடைத்தது. அது கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தது என 2018இல் வெளியான ஆய்வு கூறிற்று. திருக்கேதீச்சரத்தின் அயலிலே, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மண்ணுள் கிடந்த மொட்டு அது!

இம்மணம் மனிதரின் பேராசையையும் தூண்டியது. 1605இல் அம்போன் தீவைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் கராம்பு வணிகம் தம் கைவிட்டுப் போகாதிருக்கப் பிற தீவுகளிலிருந்த மரங்களை வெட்டி வீழ்த்தினர். 1770இல் பியேர் புவாவர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கன்றுகள் மொரீசியசை அடைந்தன. 19ஆம் நூற்றாண்டில் சான்சிபார் கராம்பு விளைச்சலில் பெயர் பெற்றது.

நோவைத் தணிக்கும் ஆற்றல் கராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனோல் என்னும் பொருளுக்கு உரியது. அது நரம்பின் உணர்ச்சியை மரக்கச் செய்யும், கிருமிகளையும் அடக்கும். பல் வைத்தியர்கள் அதனை நாக ஒட்சைட்டுடன் குழைத்துப் பற்குழிகளை அடைக்கப் பயன்படுத்தி வந்தனர். பல் வைத்தியசாலையில் நாம் நுகரும் மணம் நம் அடுக்களை மணமே.

ஆயின் எல்லை ஒன்றுண்டு. என் இளமையில் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். அன்று மாலையே அம்மம்மா அன்போடு கராம்பை இடித்து அக்குழியில் அடைத்தார். உப்புநீரால் பலமுறை கொப்பளிக்கவும் செய்தார். மூன்றாம் நாள் நோவு காதுவரை ஏறியது. பல் பிடுங்கிய குழியில் உறையும் இரத்தக்கட்டியே இயற்கை இடும் மருந்து. அதுவே எலும்பை மூடிக் காக்கும். அக்கட்டி அகன்று என் எலும்பு வெளிப்பட்டிருந்தது. வைத்தியர் குழியைக் கழுவி மருந்துத்துணி வைத்தார். வியப்பு யாதெனில், அத்துணியிலும் கராம்பின் மணமே கமழ்ந்தது!

ஆதலால் முதல் 24 மணிநேரம் கொப்பளித்தலும் புகைத்தலும் ஆகா. குழியில் எதனையும் திணித்தலும் ஆகாது. மறுநாள் தொட்டு இளஞ்சூடான உப்புநீரால் மெல்ல அலசலாம். செறிந்த கராம்பு எண்ணெய் முரசைப் புண்ணாக்கும். இரத்தம் நில்லாவிடினும், இரண்டு மூன்று நாளின் பின் நோவு மிகுந்தாலும், காய்ச்சல் கண்டாலும் வைத்தியரிடமே செல்க.

அம்மம்மா தேர்ந்த பொருளில் பிழையில்லை. இட்ட வேளையிலேதான் பிழை. முன்னோர் மருந்தைப் போற்றுவோர் அதன் காலத்தையும் அளவையும் அறிந்து போற்றுதல் வேண்டும்.